மூன்றாவது திரையின் இரைச்சல்

குறை கண்டுபிடிப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். அடுத்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய புரோகிராமை வாங்கி, இது ஓடவில்லை, இது தாமதம், இந்தப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று வரிசையாகப் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. ஓட்டலில் உட்கார்ந்தால் மெனு அட்டையின் எழுத்துப்பிழைதான் முதலில் கண்ணில் படும். கோயிலில் மைக் கரகரத்தால் சாமி கும்பிட ஓடாது. "உன்கூட இருக்கிறது தினமும் அப்ரைசல் மாதிரி இருக்கு" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

பக்கத்து வீட்டு அக்காவோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதும் இந்தப் புத்தியால்தான். அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் எங்களுடையது ஏழாவது வீடு, அவருடையது எட்டாவது. ஒன்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆனாலும் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும்போது கையை ஆட்டுவோம், பனி பெய்தால் "என்ன குளிர்!" என்போம், அதோடு சரி.

அதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடு வாங்கிய வாரம், ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் என் கணவரின் அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி, "அக்கம்பக்கம் யாரு?" என்பதுதான். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஒரு பக்கம் குஜராத்திங்க. இன்னொரு பக்கம் யாருன்னு இன்னும் பாக்கலீங்க" என்றேன். அன்று காலையில்தான் தபால் பெட்டி அருகில் அக்காவைப் பார்த்திருந்தேன். கறுப்பினப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்திருந்தார். இருந்தும் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் மே மாதம் ஒரு சாயங்காலம், நானும் கணவரும் வாக்கிங் போய்க்கொண்டிருந்தோம். அக்கா வீட்டு கராஜ் திறந்திருந்தது. உள்ளே மூன்று பெரிய டிவிகள் வரிசையாக நின்றன, மூன்றிலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மடக்கு நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். நான் நின்றுவிட்டேன். இரண்டு டிவி ஒன்றாக இருண்டு மறுபடி ஓடத் தொடங்கின, மூன்றாவது மட்டும் கொஞ்சம் பிந்தியது. கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். வாய் கேட்கவில்லை.

"உங்க மூணாவது டிவி ரெண்டு செகண்ட் லேட்டா ஓடுது" என்றேன். ஒன்பது வருடம் கழித்து அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு வாரமா ஏதோ சரியில்ல சரியில்லன்னு உக்காந்திருக்கேன் கண்ணு. நீ நடந்து போறப்பவே சொல்லிட்டியே. உள்ள வா" என்றார்.

அவர் 'ஹனி' என்றுதான் சொன்னார். என் காதில் அது எங்கள் ஈரோட்டுக் 'கண்ணு'வாகத்தான் விழுந்தது. யார் ஆங்கிலத்தில் பேசினாலும் என் மனதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கும். அதனால் அவர்கள் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவரை நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். மனதுக்குள் அன்றைக்கே அக்கா ஆகிவிட்டார்.

அக்கா கல்லூரியில் வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுப்பவர், முப்பது வருடமாகத் தானும் வீடியோக்கள் எடுப்பவர். டிவியில் போடும் கதைப்படம் இல்லை. ஓர் அறையில் திரைகளை நிறுத்தி ஓடவிடுவார்கள், வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், அந்த மாதிரி. எங்கள் ஊர் நூலகத்துக் கூடத்தில் ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருடைய புது வேலையைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

மூன்று திரையிலும் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு காலத்துச் சனிக்கிழமைகள் ஓடும். முதல் திரையில் அக்காவின் தம்பி நியூவர்க்கில் நடத்தும் முடிதிருத்தும் கடை. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் இரண்டு பேர், பேச வந்தவர்கள் ஏழு பேர். இரண்டாவதில் அவருடைய அம்மா சமையலறையில் நின்று போனைத் தோளில் இடுக்கியபடி கீரை கழுவுகிறார். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினார், பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மூன்றாவதில் அவருடைய அப்பா பஸ் ஓட்டுகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கடைசியாக ஓட்டிய டிரிப் அது. பல வருடம் முன்னால் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து எடுத்தது. ஒரு தோள், ஸ்டியரிங்கில் ஒரு கை, கண்ணாடியில் கொஞ்சம் நெற்றி. அவ்வளவுதான் தெரியும். அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

இருபத்து நான்கு நிமிடம் முழுதாகப் பார்த்துவிட்டு, "இதுல என்ன நடக்குது?" என்று கேட்டேன். டெஸ்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஒண்ணும் நடக்கல" என்றார் அக்கா. "எங்க நிறத்து ஆளுங்களை வெச்சு வீடியோன்னா யாராவது சாகணும், போலீஸ் வரணும், ஒரு தாய் அழணும். அதுக்குத்தான் எல்லாரும் ரெடியா வந்து உக்காருவாங்க. எங்கப்பா முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டினார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். அதை ஒருத்தராவது உக்காந்து பாக்கட்டும்."

நான் இன்னொரு முறை பார்த்தேன். இந்தத் தடவை கடையில் பேசுகிற கிழவர்களில் ஒருவர் அப்படியே என் பெரியப்பாவைப் போலப் பொய் சொல்வது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் சந்தோஷம்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு எனக்கு கராஜில்தான். ஃபில்டர் காபியை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவேன். அக்கா மக்காச்சோள மாவு ரொட்டி செய்து வைத்திருப்பார். மூன்று திரையும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடியும்படி செய்துகொடுத்தேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஆபீஸ், கோயில், தமிழ்ப் பள்ளி, மகளின் ஸ்கூல் தவிர வேறு எங்கேயும் நான் போய் உட்கார்ந்ததில்லை. அந்த கராஜ் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

முதல் நாள் ஒரிஜினல் வீடியோக்கள் இருந்த ஹார்ட் டிஸ்கை அக்கா என் கையில் கொடுத்தபோது ஒரு விஷயம் சொன்னார். "அம்மாவுக்கு எண்பத்தாறு. கண் கிட்டத்தட்ட போயிடுச்சு. நிழல் மாதிரிதான் தெரியும். அவங்க மூணாவது திரையைக் கேக்கத்தான் வர்றாங்க." பிறகு, "அப்பா அதுல ஒரு வார்த்தை பேச மாட்டார். கேமராவைக் கண்டாலே ஊமையாயிடுவார்" என்றார்.

பேசாத மனிதரின் வீடியோவில் அந்த அம்மா எதைக் கேட்கப் போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பஸ்ஸின் சத்தங்களைத்தான் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வழக்கம்போல எனக்கென்று ஒரு குறைப்பட்டியல் தயாரித்தேன். பதினான்கு குறைகள். அதில் பதின்மூன்று நிஜமான குறைகள்தான், அதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். பதினான்காவது இப்படி இருந்தது: 'மூன்றாவது திரை. பதினோராம் நிமிடத்திலிருந்து தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சல். காரணம் தெரியவில்லை. நீக்கவும்.'

அதை நீக்கியும் விட்டேன். ஒலியைச் சுத்தம் செய்ய மென்பொருள் இருக்கிறது. இரைச்சல் உள்ள ஒரு துண்டை வெட்டிக் காட்டி, இதுதான் அழுக்கு என்று சொல்லிக்கொடுத்தால் போதும், படம் முழுக்கத் தேடித் துடைத்துவிடும். கண் தெரியாத அம்மாவுக்குக் காதிலாவது எல்லாம் தெளிவாக விழட்டும் என்று நாலு சாயங்காலம் உட்கார்ந்து செய்தேன். முடித்தபோது பஸ்ஸின் மணி கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. யாரோ இறங்கும்போது "தேங்க் யூ" சொன்னது கேட்டது. எனக்கு ஒரே பெருமை. அக்காவுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நூலகத்து பிளேயரில் அதையே ஏற்றினேன்.

திறப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, நூலகக் கூடத்தில் ஒத்திகை. நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஒரு நாற்காலியை மூன்றாவது திரையின் ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவுக்கு எப்படிக் கேட்கும் என்று தானே பார்க்கிறாராம். நான் பின்னால் நின்று அவர் பாராட்டப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

பதினோராம் நிமிடம் தாண்டியதும் கண்ணைத் திறந்தார். "சவுண்டைக் கொறச்சிருக்கியா?"

"இல்லையே" என்று சொல்லி இன்னும் ஏற்றினேன். மணி கணீரென்றது.

"அப்பா எங்க?"

"இதோ, இவர்தானே" என்று திரையில் இருந்த தோளைக் காட்டினேன்.

"அது தெரியுது. அவர் பாடறது எங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அக்கா சொன்னார். அப்பா பஸ் ஓட்டும்போது வாயை மூடிக்கொண்டே சர்ச் பாட்டுகளை ராகமாக இழுத்துக்கொண்டிருப்பாராம். தான் பாடுகிறோம் என்று அவருக்கே தெரியாதாம். அன்று கேமரா இருப்பது மறந்துபோன பிறகு, பதினோராம் நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டார். அவர் போன பிறகு வீடு முழுக்க அவர் குரலைத் தேடினார்களாம். வீட்டில் ஆளில்லாதபோது போனுக்குப் பதில் சொல்லும் மெஷினில் இருந்தது அம்மாவின் குரல். தம்பியின் கல்யாண வீடியோவில் அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்று கிடைத்தது இது ஒன்றுதான்.

பதினான்காவது குறை உண்மையில் எது என்று அப்போதுதான் விளங்கியது.

"நான்தான் துடைச்சுட்டேன்" என்றேன். "எஞ்சின் இரைச்சல்னு நெனச்சு கிளீன் பண்ணிட்டேன். அம்மாவுக்குத் தெளிவாக் கேக்கட்டும்னு."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முப்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். இதைச் சுத்தம் பண்ணிக் குடு, சின்னதாக்கிக் குடு, எங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுன்னு ஒவ்வொரு எடத்துலயும் சொல்லுவாங்க. அவங்களாவது என்கிட்ட சொன்னாங்க. நீ செஞ்சே முடிச்சுட்ட" என்றார். அந்தப் பேச்சில் 'கண்ணு' இல்லை. எழுந்து வெளியே போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டார்.

பழைய நகல் இருக்கும் என்று நான் வீட்டுக்குக் காரை விரட்டினேன். பத்து நிமிடத் தூரம். வழியில் என் மகள் போன் செய்தாள். அவள் வேலைக்காக கலிஃபோர்னியாவில் இருக்கிறாள், சனிக்கிழமை தோறும் காலையில் கூப்பிடுவாள். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். "நல்லதுக்குத்தானே பண்ணேன்?" என்றேன்.

"ஆனா அம்மா, அவங்ககிட்ட நீ கேட்டியா?" என்றாள்.

"கேக்கல" என்றேன்.

வீட்டில் நுழைந்ததும் நேராகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூன்று இடங்களில் நகல் வைப்பது என் ஆபீஸ் வழக்கம். மூன்றையும் பார்த்தேன். புதுசு எது பழசு எது என்று குழப்பம் வரக்கூடாதென்று, சுத்தம் செய்ததையே மூன்று இடத்திலும் பழையதன் மேல் ஏற்றி வைத்திருந்தேன். என் ஒழுங்கை நானே சபித்தேன். அக்காவும் நகல் எடுத்து வைக்கிற ஆள் இல்லை. மீதி இருந்தது அவர் முதல் நாள் கொடுத்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதை எங்கே வைத்தேன் என்று சுத்தமாக நினைவில்லை. மேசை, பை, கார் என்று எல்லா இடத்தையும் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன்.

"என்னங்க, கறுப்பா ஒரு டிஸ்க் பாத்தீங்களா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"சாமி ரூம்ல இருக்குதே. நீதானே பொட்டு வெச்சு வெச்ச?" என்றார் கணவர்.

எங்கள் வீட்டில் அது வழக்கம். பாஸ்போர்ட், கிரீன் கார்டு வந்த கவர், மகளின் ஹால் டிக்கெட், புதுக் கார் சாவி என்று முக்கியமானது எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரியாவது இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். அடுத்தவர் வீட்டுப் பொருளாயிற்றே என்று அன்று இதையும் வைத்திருக்கிறேன், எடுக்க மறந்திருக்கிறேன். முருகன் படத்துக்கு முன்னால், நடுவில் குங்குமப் பொட்டோடு, வாடின மல்லிகைக்குக் கீழே இருந்தது. பொட்டை முந்தானையில் துடைக்கப் போனேன். இனிமேல் எதையும் துடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்றாவது வீடியோவை ஓட்டினேன். காதில் ஹெட்ஃபோன். எஞ்சின் உறுமியது. பதினோராம் நிமிடம். அடியில் அந்த 'இரைச்சல்' ஆரம்பித்தது. அதை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். இப்போதுதான் அது ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. சிக்னலில் பஸ் நின்றால் பாட்டும் நிற்கிறது, பஸ் கிளம்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒரு வளைவில் இழுத்துப் பிடித்து, வண்டி நேரானதும் மெல்ல விட்டார். ஒரு மனிதன் தன் வேலையை அவ்வளவு நிம்மதியாகச் செய்துகொண்டிருக்கிறான், அதைத்தான் நான் குறை என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கணவர் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் நூலகத்துக்குத் திரும்பினேன். அக்கா காரிலிருந்து இறங்கி உள்ளே போய், கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பிளேயரில் ஒரிஜினலை ஏற்றி, பதினோராம் நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன். ஒரு நிமிடம் கேட்டார். அவர் தோள் தளர்ந்தது.

"என்னை மன்னிச்சிருங்க. உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றேன்.

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. டிஸ்கைத் திருப்பி வாங்கிக்கொண்டவர், நடுவில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அழிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு அம்மா வருவாங்க. நீயும் வந்துடு, கண்ணு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். அக்காவின் சர்ச் ஆட்கள், மாணவர்கள், எங்கள் தெருக்காரர்கள். என் கணவர் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரத் தம்பியின் திரைக்கு முன்னால் ஒரே சிரிப்பு. அக்காவின் அம்மா கத்தரிப்பூ நிறத்தில் உடையும் அதே நிறத் தொப்பியுமாக, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரை மூன்றாவது திரைக்கு முன்னால் உட்காரவைத்தோம். அக்கா விருந்தினர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால், என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம். பத்து. பதினோராம் நிமிடத்தில் அது ஆரம்பித்தது. அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. காது எட்டவில்லையோ என்று பயந்து, சத்தத்தை ஏற்ற எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்கம்மா."

"அம்பத்தாறு வருஷம்" என்றார். "சமையல்ல, கார்ல, சர்ச்சுல, படுக்கையில. கொஞ்சம் சும்மாதான் இருங்களேன்னு அம்பத்தாறு வருஷம் அந்த மனுசன்கிட்ட சொன்னேன்."

பிடித்த என் கையை விடவில்லை. பஸ் டிப்போவுக்குள் நுழைந்தது, எஞ்சின் நின்றது, பாட்டும் நின்றது, திரை இருண்டது. அவர் அப்படியே காதைச் சாய்த்தபடி காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"மறுபடியும் முதல்ல இருந்து வருங்கம்மா. அஞ்சு மணிக்கு மூடற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"அப்படின்னா அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருக்கேன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து அவருடைய நாற்காலியை ஸ்பீக்கருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போடலாமா என்று கேட்டேன். "போடு" என்றார்.